பழைய நம்பரைக் கைவிடுவதற்கு முன்

போன வாரம் அக்கா மகள் புது நம்பருக்கு மாறினாள். பழைய சிம்மை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். "மெயில், பேங்க் எல்லாம் எந்த நம்பர்ல இருக்கு?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம் சித்தி" என்றாள். எட்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும் கணக்குகளைத் திறந்து கொடுப்பது நான்தான். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்பதையெல்லாம் கேட்டுச் சலித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கைவிட்ட நம்பர் சும்மா கிடக்காது

நாம் விட்ட நம்பரை நிறுவனம் சில மாதம் ஒதுக்கி வைக்கும், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். நம் கணக்குகளுக்கு அது தெரியாது. உள்ளே நுழையக் கேட்கும் ரகசிய எண்ணை (ஓடிபி) அந்த நம்பருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

அப்பாவின் மெயிலைத் திறந்து கொடுத்தபோது, மீட்பு எண்ணாக, அதாவது பாஸ்வேர்டு மறந்தால் குறியீடு வரும் நம்பராக, என் நம்பரைத்தான் போட்டிருந்தேன். பிறகு நான் நம்பரை மாற்றினேன், அதை மறந்தேபோனேன். ஒருநாள் அவர் போன் தண்ணீரில் விழுந்தது. புதுப் போனில் பாஸ்வேர்டு நினைவில்லை. "குறியீடு அனுப்பப்பட்டது" என்று திரையில் வந்தது. கடைசி இரண்டு இலக்கம் என் பழைய நம்பருடையது.

அந்த நம்பருக்கே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினேன். "மன்னிச்சிருங்க, ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்க வீட்ல சொல்லியிருக்காங்க" என்றார். அவர் செய்தது சரி. பதினோரு வருடத்துப் படங்கள் அந்தக் கணக்கோடு போயின. வேறு ஆளாக இருந்திருந்தால் அதே குறியீட்டை வைத்து அப்பாவின் மெயிலுக்குள்ளேயே நுழைந்திருக்கலாம். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

எனவே பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே உட்காருங்கள். உங்கள் கணக்குகள் மட்டும் போதாது. அப்பா, அம்மா, பிள்ளைகள் கணக்கில் மீட்பு எண்ணாக உங்கள் நம்பர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்ற வசதி இருக்கிறது; குழுக்களும் கூடவே வந்துவிடும். அங்கேயே இரு படிச் சரிபார்ப்பில் (உள்ளே நுழைய இரண்டாவதாக ஒரு பூட்டு) ஆறு இலக்கப் பின் வைத்துவிடுங்கள். கூகுள் கணக்கில் இரு படிச் சரிபார்ப்பு போட்டிருந்தால் போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பத்து பேக்கப் குறியீடுகள் எடுக்கலாம். அவற்றைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், போனில் படமெடுத்து வைக்காதீர்கள்.

அக்கா மகள் அன்றே போய் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கி வந்தாள். இருவரும் உட்கார்ந்து பார்த்தபோது ஏழு கணக்குகள் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அக்காவுடையது.

படத்துக்குள் வீட்டு முகவரி

லொகேஷன் ஆனில் இருந்தால் கேமரா ஒவ்வொரு படத்திலும் எடுத்த இடத்தை எழுதி வைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும். குழந்தையை வீட்டு வாசலில் வைத்து எடுத்த படமென்றால் யோசியுங்கள்.

'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்'

இணையத்தில் ஆல்பத்தைப் பகிரும்போது இப்படி ஒரு தேர்வு வரும். குடும்ப ஆல்பத்துக்கு இது வேண்டாம்; லிங்க் யார் கைக்குப் போனாலும் படங்கள் தெரியும்.

குரலை நம்பிப் பணம் அனுப்புவது

சில விநாடிப் பேச்சு கிடைத்தாலே குரலைப் போலி செய்ய முடிகிறது. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் பேசி வையுங்கள். அவசரம் என்று யார் அழுதாலும் முதலில் அதைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் அதைத் தேர்ந்தெடுத்தார். மாதம் ஒருமுறை அவரே எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறார்.