கார் தாழ்ந்தது, இடுப்பு போனது

என் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காரைத் தாழ்த்தும் ஆசையில், முன் ஸ்பிரிங்குகளின் 6 சுருளில் ஒன்றை வெட்டிவிட்டேன். பார்க்க நல்ல வடிவு. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் முதல் மதகு ஏறி இறங்கியதும் 'டங்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்பிரிங் இறுக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அது போதாத இறுக்கம். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது தடுக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பரில் போய் இடித்த அடையாளம் அப்படியே தெரிந்தது.

சரி, அளந்து பார்ப்போம் என்று வெட்டாத பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, நிமிர்த்தி வைத்து, 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றை ஏற்றினேன். 25 மில்லிமீற்றர் அமுங்கியது. அதாவது மில்லிமீற்றருக்கு 2 கிலோ. முன்பக்கம் அதே மாதிரி 3 கிலோ இருந்தது, ஒரு சுருள் போனதால் 3.6 ஆகியிருந்தது. ஆனால் ரப்பரைத் தொட இருந்த 80 மில்லிமீற்றர் இடைவெளி 45 ஆகிவிட்டது. அதே அடியை 45க்குள் தாங்க இறுக்கம் இடைவெளி விகிதத்தின் வர்க்கமாகக் கூடவேண்டும்: 9.5 கிலோ! எங்கள் கிரவல் ஒழுங்கைக்கு அது கட்டை வண்டி.

ஆகவே 20 மில்லிமீற்றர் மட்டும் தாழ்த்தி, முன்னுக்கு 5 கிலோ ஸ்பிரிங் போட்டேன். பழைய சொக் அப்சோபர் அதை அடக்கவில்லை, கார் துள்ளியது. அதையும் மாற்றிய பிறகுதான் மச்சான் திரும்ப ஏறினான்.