வள்ளத்தில் தண்டு வலிக்கும்போது இதயத்துடிப்பைச் சரியாக எடுப்பது எப்படி

கையில் கட்டிய ஸ்மார்ட் மணிக்கூடு நடைக்கு நன்றாகத்தான் இதயத்துடிப்பைக் காட்டும். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் காலையில் நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், குறை சொல்ல மாட்டார்கள். அதே மணிக்கூட்டோடு வள்ளத்தில் ஏறித் தண்டைப் பிடித்தால் கதை வேறு. மூச்சு வாங்க வலித்துக்கொண்டிருப்போம், அது 95 என்று நிற்கும். கையை ஓயவிட்ட பிறகு திடீரென்று 140க்குத் தாவும்.

எனக்கு அந்த இலக்கம் முக்கியம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. துடிப்பை 140க்கு மேல் போகவிட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். குருநகரில் இருந்து மண்டைதீவுப் பக்கமாக வலித்துப் போகும்போது பிழையான இலக்கத்தை நம்பிப் போக முடியாது.

மணிக்கூட்டின் அடியில் எரியும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நாளங்களில் இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அது எண்ணுகிறது. தண்டை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டில் தசைநார்கள் புடைத்து மணிக்கூட்டைத் தூக்கிவிடும். இழுத்து முடிக்கிற இடத்தில் மணிக்கட்டு மடங்கும், அந்த இடுக்கால் வெயில் உள்ளே போகும். போதாததற்கு, பிடி இறுகித் தளர்கிற தாளத்தையே அது துடிப்பென்று எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 25 தரம் வலித்தால் 75, 100 என்று அதன் மடங்குகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே முதல் வேலை, மணிக்கூட்டை மணிக்கட்டில் இருந்து மேலே ஏற்றுவது. எலும்பு முட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்கு மேல் மூன்று, நான்கு விரல் தள்ளி, முன்கையின் சதைப்பிடிப்பான இடத்தில் கட்டுங்கள். மணிக்கூட்டை விரலால் தள்ளிப் பார்த்தால் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். மணிக்கூடு மட்டும் வழுக்கினால் இன்னும் ஒரு துளை இறுக்குங்கள். விரல் விறைக்கிற அளவுக்கு வேண்டாம். வியர்வையில் ரப்பர் பட்டி வழுக்கும், இழுபடுகிற நைலோன் பட்டி நல்லது. தேங்காய் எண்ணெய் பூசிய கையில் கட்டாதீர்கள். கரைக்கு வந்ததும் மணிக்கூட்டின் அடிக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துவிடுங்கள். பயிற்சி வகையில் படகு வலிப்பைத் தெரிவு செய்து, முதல் பத்து நிமிடம் மெதுவாக வலியுங்கள். கைக்கு இரத்தம் ஓடத் தொடங்கிய பிறகு வாசிப்பு தெளியும்.

இவ்வளவும் செய்தாலும், தண்டைக் கடுமையாக வலிக்கும்போது நான் நம்புவது நெஞ்சுப் பட்டியைத்தான். மருமகன் கனடாவில் இருந்து போலார் எச்10 என்கிற பட்டியைக் கொண்டுவந்து தந்தான். இதில் விளக்கு இல்லை; இதயத்தின் மின்னோட்டத்தையே நேரடியாக எடுக்கிறது, கை எப்படி அசைந்தாலும் அதற்குக் கவலையில்லை. நெஞ்சுத் தசைக்குச் சற்றுக் கீழே, தோலோடு ஒட்டக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் உட்பக்கத்தில் தோலைத் தொடுகிற பகுதியைத் தண்ணீரால் நனைப்பதை விட்டுவிடாதீர்கள், காய்ந்த பட்டி முதல் சில நிமிடங்கள் கண்டபடி காட்டும். மணிக்கூட்டோடு புளூடூத்தில் இணைத்துவிட்டால் இலக்கம் கையிலேயே தெரியும். மலிவான மணிக்கூடுகள் சில வெளிப்பட்டியை ஏற்காது, வாங்க முன் விசாரியுங்கள். ஜிம்மில் கொன்செப்ட்2 என்கிற தண்டு வலிக்கும் இயந்திரத்தில் வலிப்பவர்களுக்கு அதன் பிஎம்5 திரையே பட்டியோடு இணைந்துகொள்ளும்.

வலித்து முடிந்ததும் நெஞ்சுப் பட்டியில் கொளுவியிருக்கும் கருவியைக் கழற்றிவிட்டுப் பட்டியை அலசுங்கள். எங்கள் பக்கக் கிணறு பலதும் உவர், அதில் அலசிப் பயனில்லை. குடிக்கிற தண்ணீர் ஒரு செம்பு போதும்.

நெஞ்சில் பட்டி கட்டப் பிடிக்காதவர்கள் மேற்கையில் கட்டுகிற பட்டியைப் பார்க்கலாம். அதுவும் ஒளியால்தான் எடுக்கிறது, ஆனால் மேற்கை மணிக்கட்டைப்போல மடங்குவதில்லை.

எதைக் கட்டினாலும் இடைக்கிடை விரலால் சரிபாருங்கள். "அண்ணை, மணிக்கூட்டை விட்டுட்டுக் கழுத்தில கையை வையுங்கோ" என்று என்னோடு வலிக்கிற தம்பி சொல்வான், அவன் சொல்வது சரி. தண்டை உள்ளே எடுத்து வைத்த கையோடு, தாடைக்குக் கீழே ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு விரலை மெதுவாக வைத்து 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். நின்றவுடன் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும், தாமதிக்க வேண்டாம். ஒரு துடிப்பை விட்டால் கணக்கில் ஆறு பிழைக்கும். அதற்குள் மணிக்கூட்டோடு ஒத்துப்போனால் போதும்.

இன்னொன்று. வெயில் ஏறிய பிறகு அதே வேகத்தில் வலித்தாலும் துடிப்பு கூடிக்கொண்டு போகும். வியர்த்து உடம்பில் நீர் குறைய, இதயம் கூடுதலாக அடித்துத்தான் ஈடுசெய்கிறது. பட்டியும் விரலும் ஒரே இலக்கத்தைச் சொன்னால் அது கருவிப் பிழை இல்லை, வேகத்தைக் குறைத்துத் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் மணிக்கூடு எந்த இலக்கத்தைக் காட்டினாலும் தண்டு வலிப்பதை நிறுத்தி, கூட இருப்பவரிடம் சொல்லிக் கரைக்கு வந்து வைத்தியரிடம் போங்கள்.