ஒயின் கலவை வகுப்பு: அளவுஜாடியைக் கையில் எடுக்கும் முன்

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் சில ஒயின் ஆலைகள், வருகிறவர்களுக்குச் சுவை காட்டி அனுப்புவதோடு நிறுத்துவதில்லை. தனித்தனி திராட்சை வகைகளின் ஒயினை மேசையில் வைத்து, அவரவர் கலவையை அவரவரே செய்து ஒரு புட்டியில் அடைத்து எடுத்துப் போக விடுகின்றன. வகுப்பு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதில் பாதி அறிமுகத்திலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் நல்ல கலவை அமைய வேண்டுமானால் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: மேசையில் ஐந்து ஒயின் இருப்பதால் ஐந்தையும் சேர்க்க வேண்டியதில்லை. சேர்த்ததால் என்ன மாறியது என்று சொல்ல முடியாத எதுவும் புட்டிக்குள் போகக் கூடாது.

முற்பகல் நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். நாக்கு அப்போதுதான் தெளிவாக இருக்கும். வாசனைத் திரவியம் வேண்டாம், அது பக்கத்து இருக்கைக்காரர் மூக்கையும் கெடுக்கும். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, புதினா மிட்டாய், காரமான சாப்பாடு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடையாள அட்டை கேட்பார்கள்.

மேசையில் இருப்பவை

நாபாவில் இந்த வகுப்புகள் பெரும்பாலும் பிரான்சின் போர்தோ வட்டாரத்துத் திராட்சைகளைச் சுற்றியே நடக்கும். ஒவ்வொன்றும் கலவைக்கு எதைத் தருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேபர்னே சாவிஞான்தான் முதுகெலும்பு: பிளாக் கரன்ட் பழ மணம், பால் சேர்க்காத கெட்டித் தேநீர் போல ஈறுகளைப் பிடிக்கும் துவர்ப்பு, நீளமான பின்சுவை. தனியாகக் குடித்தால் முதலில் பழம் தெரியும், கடைசியில் துவர்ப்பு தெரியும், நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அந்த நடுப்பகுதியை நிரப்புவது மெர்லோ. துவர்ப்பு குறைவு, பழம் கூடுதல், வாயில் வழவழப்பு. மால்பெக்கும் நடுப்பகுதியைத்தான் நிரப்பும், ஆனால் நிறமும் அடர்த்தியும் அதிகம்.

கேபர்னே ஃப்ராங் மணத்துக்கானது. பூ, மூலிகை, சில சமயம் குடமிளகாய் வாசனை. கேபர்னே சாவிஞான், மெர்லோ இரண்டுக்குமே இது பெற்றோர். கேபர்னே சாவிஞான் இதற்கும் சாவிஞான் பிளாங்குக்கும் பிறந்தது என்பதை டேவிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் மரபணுச் சோதனையால் நிறுவினார்கள். கடைசியாக பெட்டி வெர்டோ. ஏறக்குறைய மை நிறம், கடும் துவர்ப்பு. இதை 2 முதல் 5 சதவீதத்தில் தொடங்குங்கள். 10 சதவீதம் போனால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கலக்கும் முன் ஒவ்வொன்றையும் 30 மில்லி ஊற்றி, தனியாக முகர்ந்து சுவைத்து, மூன்றே விஷயங்களைக் குறியுங்கள்: மணம், நடுச்சுவை, பின்சுவை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை எதிலாவது வந்தால் அது கார்க்கால் கெட்ட ஒயின். உடனே சொல்லி வேறு புட்டி கேளுங்கள். கலந்தால் மறையாது, கலவை முழுவதையும் கெடுக்கும்.

எல்லாவற்றையும் துப்புங்கள். அதற்கான குவளை மேசையிலேயே இருக்கும். ஐந்து ஒயினும் நாலைந்து சோதனைக் கலவைகளும் உள்ளே போனால் அரைப் புட்டிக் கணக்கு. அப்புறம் எந்தக் கலவையும் நன்றாகத்தான் இருக்கும்.

கலக்கும் முறை

முதலில் கேளுங்கள்: கடைசிப் புட்டிக்கான ஒயின் தனியாக வருமா, மேசையில் இருப்பதிலிருந்தே எடுக்க வேண்டுமா? சோதனையிலேயே கேபர்னே சாவிஞானைத் தீர்த்துவிட்டு, புட்டி நிரப்பும்போது வேறு விகிதத்துக்கு மாற வேண்டிவருவது இந்த வகுப்புகளில் அடிக்கடி நடப்பது. தனியாக வராது என்றால் கீழே உள்ள அளவுகளைப் பாதியாக்குங்கள்.

முதல் சுற்றில் இரண்டு ஒயின் மட்டும் (இனி வெறுமனே கேபர்னே என்றால் கேபர்னே சாவிஞான்). ஒவ்வொரு கோப்பையும் 50 மில்லி:

அ: கேபர்னே 40, மெர்லோ 10
ஆ: கேபர்னே 35, மெர்லோ 15
இ: கேபர்னே 30, மெர்லோ 20

அளவுஜாடியைத் தட்டையான இடத்தில் வைத்து, கண்ணை அளவுக்கோட்டின் மட்டத்துக்கு இறக்கி, நடுவில் குழிந்திருக்கும் மேற்பரப்பின் அடியைப் படியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு தவறும். 50 மில்லியில் 1 மில்லி பிசகினாலே 2 சதவீதம். ஜாடியைத் தண்ணீரில் கழுவினால், அடுத்து அளக்கப் போகும் ஒயினில் கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டுங்கள். தங்கிய நீர் கலவையை நீர்க்கச் செய்யும். கோப்பைகளில் எழுத்தைக் குறித்துவிடுங்கள்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தபின், அதை 200 மில்லி அளவில் தாய்க்கலவையாகச் செய்யுங்கள். ‘ஆ’ என்றால் கேபர்னே 140, மெர்லோ 60. மூன்றாவது ஒயினை இனி இதில்தான் சோதிக்க வேண்டும். தாய்க்கலவை 47.5 மில்லியோடு பெட்டி வெர்டோ 2.5 மில்லியைப் பிப்பெட்டால் (உறிஞ்சி அளந்து விடும் மெல்லிய குழாய்) விட்டால் சரியாக 5 சதவீதம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக அளந்தால் எதனால் சுவை மாறியது என்றே தெரியாமல் போகும்.

அடுத்த சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம், பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். மூன்று கோப்பைகள்: இரண்டில் தாய்க்கலவை, ஒன்றில் பெட்டி வெர்டோ சேர்த்தது. உடன் வந்தவர் உங்களுக்குத் தெரியாமல் இடம் மாற்றி வைக்கட்டும். வேறுபட்ட கோப்பையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த 5 சதவீதம் தேவையில்லை. கண்டுபிடித்தால், குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் இன்னொரு முறை செய்யுங்கள். பிறகுதான் எது பிடித்திருக்கிறது என்ற கேள்வி.

துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது கோப்பை முதலாவதைவிடக் கடுமையாகத் தெரிவது அதனால்தான். இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, வரிசையைத் திருப்பி ஒருமுறை சுவையுங்கள். பாலாடைக்கட்டித் தட்டு வந்தால் ஓரமாக இருக்கட்டும். அது துவர்ப்பை மழுங்கடித்து எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டும்.

சிக்கலுக்கு மருந்து: ஈறு இறுகினால் மெர்லோவைக் கூட்டுங்கள். மணம் மந்தமாக இருந்தால் கேபர்னே ஃப்ராங் 3 முதல் 10 சதவீதம். பின்சுவை சட்டென்று அறுந்தால் பெட்டி வெர்டோ. சப்பென்று இருக்கிறது, புளிப்பு போதவில்லை என்றால் மெர்லோவைக் குறைக்க வேண்டும். கூட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

புட்டிக்குக் கணக்கு

சதவீதத்தை 7.5ஆல் பெருக்கினால் 750 மில்லிக்கான அளவு. மேலே சொன்ன கலவையில் கேபர்னே 66.5, மெர்லோ 28.5, பெட்டி வெர்டோ 5 சதவீதம். அதாவது 499, 214, 37 மில்லி. ஊற்றும் முன் கூட்டிப் பாருங்கள், 750 வர வேண்டும். கடையில் விற்பதாக இருந்தால் இந்தப் புட்டிக்குக் கேபர்னே சாவிஞான் என்று பெயர் வைக்க முடியாது. அமெரிக்க விதிப்படி அதற்கு 75 சதவீதமாவது அந்தத் திராட்சை இருக்க வேண்டும். மெரிட்டேஜ் என்ற பெயர் 1988இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது இத்தகைய கலவைகளுக்காகத்தான்.

புனலை வைத்து, புட்டியின் உட்சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றுங்கள். சலசலவென்று விழுந்தால் காற்று கலக்கும். கார்க்கின் அடிக்கும் ஒயினுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் போதும். கார்க் அடித்தபின் ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்க வையுங்கள்.

விமானத்தில் இது கைப்பையில் போகாது. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். இந்தியாவுக்குத் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். அடைத்த உடனே திறந்தால் மணம் அடங்கிக் கிடக்கும், ஒரு மாதம் விடுங்கள். கையால் அடைத்ததில் காற்று கொஞ்சம் கலந்தே இருக்கும் என்பதால் ஓராண்டுக்கு மேல் சேமிக்கவும் வேண்டாம். விகிதத்தைப் புட்டியின் பின்பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதியது பயணத்தில் தொலையும்.