பிளெண்டர் ஸ்கிரிப்ட் எழுத விஎஸ் கோடு: தொடக்க அமைப்பு

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குள்ளேயே ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் உண்டு. பத்து வரிக்கு அது போதும். பைதான் மொழியில் எழுதும் ஸ்கிரிப்ட் நீளும்போது, விஎஸ் கோடு என்ற எடிட்டருக்கு மாறிவிடுங்கள். பெயரை முழுதாக அடிக்கும் முன்பே அது எடுத்துக் கொடுக்கும். ஓடுகிற ஸ்கிரிப்டை நடுவில் நிறுத்தியும் பார்க்கலாம். இரண்டு மென்பொருளும் இலவசம்.

படி 1: விஎஸ் கோடின் எக்ஸ்டென்ஷன் பகுதியில் 'பைதான்', 'பிளெண்டர் டெவலப்மென்ட்' இரண்டையும் நிறுவுங்கள். இரண்டாவது, ஜாக் லுக்கே உருவாக்கியது.

படி 2: ஒரு ஃபோல்டரைத் திறந்து, அதில் புதிய பைதான் கோப்பு உருவாக்குங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தி 'பிளெண்டர்: ஸ்டார்ட்' கொடுங்கள். பிளெண்டர் எங்கே இருக்கிறது என்று முதல் முறை கேட்கும், காட்டிவிடுங்கள். டீபக் செய்ய, அதாவது பிழையைத் தேடிப் பார்க்கத் தேவையானதை அப்போதுதான் இறக்கும் என்பதால் இணையம் வேண்டும். டெஸ்க்டாப்பில் டபுள் கிளிக் செய்து திறந்த பிளெண்டர் இதோடு இணையாது.

படி 3: பைதானிலிருந்து பிளெண்டரை இயக்க உதவும் 'பிபிஒய்' (bpy) மாட்யூலை இம்போர்ட் செய்ததும் அடியில் நெளிகோடு வரும். பயப்பட வேண்டாம். அந்த மாட்யூல் பிளெண்டருக்குள் இருப்பதால் எடிட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். டெர்மினலில், பைதானுக்கு வேண்டியதை நிறுவித் தரும் பிப் மூலம் 'ஃபேக் பிபிஒய் மாட்யூல்' (fake-bpy-module) நிறுவுங்கள். சொற்களுக்கு இடையே ஹைஃபன் வரும். பெயர்களை எடிட்டருக்குச் சொல்லித் தருவது மட்டுமே அதன் வேலை. நிறுவியும் கோடு போகவில்லையா? கீழே வலது மூலையில் எந்த பைதான் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பிப் ஒரு பைதானிலும் எடிட்டர் இன்னொன்றிலும் இருக்கும்.

படி 4: பிளெண்டர் திறந்ததும் காட்சியில் கேமரா, கியூப், லைட் என மூன்று பொருள் இருக்கும். ஒவ்வொன்றின் இசட் மதிப்பிலும், அதாவது உயரத்திலும், 1 கூட்டுகிற சிறு லூப் எழுதுங்கள். கூட்டும் வரியின் எண்ணுக்கு இடப்பக்கம் கிளிக் செய்தால் சிவப்புப் புள்ளி விழும். இனி அதே மூன்று விசைகளை அழுத்தி 'பிளெண்டர்: ரன் ஸ்கிரிப்ட்' கொடுங்கள்.

பிளெண்டர் அப்படியே உறைந்துவிடும். ஹேங் ஆகிவிட்டது என்று மூடிவிடாதீர்கள்! ஸ்கிரிப்ட் அந்த வரியில் காத்து நிற்கிறது. விஎஸ் கோடின் வேரியபிள்ஸ் பகுதியில் முதல் பொருள் தெரியும். எஃப்5 அழுத்தினால் அடுத்த பொருள், மறுபடி அழுத்தினால் கடைசிப் பொருள். மூன்றாவது முறை அழுத்தியதும் பிளெண்டருக்கு உயிர் வரும். மூன்று பொருளும் ஒரு மீட்டர் மேலே ஏறியிருக்கும்.

பிரின்ட் செய்வதெல்லாம் விஎஸ் கோடின் டெர்மினலிலேயே வரும். பிழை வந்தால் அங்கே கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.