எந்நேரமும் பிளக்கில் கிடக்கும் டேப்லெட்: பேட்டரி ஊதாமல் பார்த்துக்கொள்வது எப்படி

சிங்கப்பூர் தேக்காவில் பல சாப்பாட்டுக்கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று டேப்லெட் சாய்ந்து நிற்கும். டெலிவரி ஆர்டருக்கு ஒன்று, பில் போட ஒன்று. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை திரை எரியும், சார்ஜரை யாரும் கழற்றுவதில்லை. பாட்டி வீடியோ கால் பேசுவதற்காக ஹாலில் நிறுத்தி வைத்த டேப்லெட்டுக்கும் இதே கதிதான். ஓரிரு வருடத்தில் திரையின் ஓரம் லேசாக எழும்பும், இடுக்கில் வெளிச்சம் கசியும். பேட்டரி ஊதிவிட்டது என்று அர்த்தம்.

“சார்ஜ் அளவுக்கு மீறி ஏறிவிட்டது” என்பார்கள். அப்படி ஏற வழியில்லை. 100% ஆனதும் உள்ளே இருக்கும் சில்லு மின்னோட்டத்தை நிறுத்திவிடும். நிறைந்த நிலையிலேயே நாள்கணக்கில் நிற்பதுதான் கெடுதல். லித்தியம் அயன் செல் பாதிச் சார்ஜில் ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் இருக்கும், நிறைந்தால் 4.2, புதிய டேப்லெட்டுகள் பலவற்றில் 4.35க்கும் மேல். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும், வாயு சேரும். சூடு கூடக்கூட இது வேகம் பிடிக்கும். சிங்கப்பூரில் மதிய வெயில் சாதாரணமாகவே 31 முதல் 33 டிகிரி. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. ஐபேடைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது ஆப்பிள். டீ பாய்லர் பக்கத்தில் நிற்கும் டேப்லெட் அதைத் தினமும் தாண்டுகிறது.

முதலில் செட்டிங்கில் சார்ஜுக்கு வரம்பு போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாம்சங்கில் ‘பேட்டரி’ பகுதிக்குள் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’ இருக்கும். அதில் ‘மேக்சிமம்’ வைத்தால் 80 சதவீதத்தோடு நின்றுவிடும். பழைய பதிப்புகளில் இதே வசதி 85 சதவீதத்தில் நிறுத்தும். ‘பேசிக்’ வைத்து ஏமாறாதீர்கள்: அது 100 வரை ஏற்றி, 95க்கு இறங்கியதும் மறுபடி ஏற்றும். பிளக்கிலேயே கிடக்கும் டேப்லெட்டுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஐபேடில் 2024இல் வந்த எம்4 புரோ, எம்2 ஏர் முதற்கொண்டு ‘பேட்டரி ஹெல்த்’ பக்கத்தில் 80% வரம்பு கொடுத்திருக்கிறார்கள். பிக்சல் டேப்லெட் அதன் டாக்கில் (சார்ஜ் ஏற்றும் தாங்கியில்) உட்கார்ந்திருக்கும்போது தானாகவே 90 சதவீதத்தில் நின்றுகொள்ளும். வரம்பு போட்ட பிறகும் ஐபேட் எப்போதாவது 100 காட்டினால் பதறவேண்டாம். சதவீதக் கணக்கைச் சரிபார்க்க அதுவே ஏற்றிக்கொள்கிறது.

வரம்பு வசதி இல்லாத பழைய டேப்லெட் என்றால் பலர் டைமர் பிளக் வாங்கி, ஒரு மணி நேரம் ஓட, மூன்று மணி நேரம் அணைய என்று வைத்துவிடுகிறார்கள். திரை எப்போதும் எரியும் டேப்லெட்டுக்கு இது தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,040 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் சுமார் 27 வாட் மணி. திரை, வைஃபை எல்லாம் சேர்ந்து மணிக்கு 2.7 வாட் மணி இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 10% இறங்கும். ஒரு நாளில் 18 மணி நேரம் பேட்டரியில் ஓடினால் 180%, அதாவது நாளுக்கு 1.8 முழுச் சுற்று. ஐபேட் பேட்டரிக்கு 1,000 முழுச் சுற்றில் 80% கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. இந்த வேகத்தில் 1,000 சுற்று ஒன்றரை வருடத்தில் தீர்ந்துவிடும். நிறைந்து கிடப்பதிலிருந்து காப்பாற்றப் போய், ஓட்டியே தேய்த்ததாகிவிடும்.

கடைக்கு இதைவிட எளிய வழி உண்டு. டைமரைக் காலை 10 மணிக்கு ஓட, இரவு 8.30க்கு அணைய வையுங்கள். கடையை இரவு 10 மணிக்கு அடைத்தால், அதற்குள் 100இலிருந்து 85க்கு இறங்கியிருக்கும். திரையை அணைத்துவிட்டுப் போனால், கடை திறக்கும் காலை 7 மணிக்கு 80 இருக்கும், 10 மணிக்கு 50. அதன்பின் ஏறி, மதியம் பன்னிரண்டரை வாக்கில் நிறையும். 100இல் நிற்பது நாளுக்கு 8 மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது, சுற்றும் அரைதான். இரவு முழுக்கத் திரையை எரியவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும், விடியுமுன் டேப்லெட் செத்துக் கிடக்கும். ஆகவே கடை அடைக்கிறவர் திரையை அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.

வீட்டில் பெரும்பாலும் சும்மா நிற்கும் டேப்லெட்டுக்குத்தான் டைமர் கச்சிதமாகப் பொருந்தும். செய்முறை இது:

1. ஒரு நாள் முழுக்கப் பிளக்கைக் கழற்றி, வழக்கம்போல் பயன்படுத்துங்கள். எத்தனை சதவீதம் இறங்கியது? 20 என்று வைத்துக்கொள்வோம்.
2. 50 சதவீதத்தில் சார்ஜ் போட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏறுகிறது பாருங்கள். 30 என்றால், நாளுக்குத் தேவை 40 நிமிடம்.
3. சாதாரண 24 மணி நேர டைமரில் ஒரு பல் 15 நிமிடம். காலை 5 மணியிலிருந்து மூன்று பல். வீடு குளிர்ந்திருக்கும் நேரம் அதுதான்.
4. 60 சதவீதத்தில் தொடங்குங்கள். நாளுக்கு இரண்டரை சதவீதம் கூடுதலாக ஏறும். பத்து நாளுக்கு ஒரு நாள் டைமரை நிறுத்திவைத்தால் ஏறக்குறைய சமன் ஆகிவிடும்.

கூடுதலாக ஏறுவது பரவாயில்லை, குறைவாக ஏறக்கூடாது. மேலே போகும்போது, 80 சதவீதத்தைத் தாண்டியதும், சார்ஜ் ஏறும் வேகம் தானாகத் தணியும். கீழே போனால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

ஸ்மார்ட் பிளக் வைத்து, 80 ஆனால் அணை, 40 ஆனால் ஓடு என்று ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் மென்பொருள்) கட்டளை எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். டேப்லெட்டின் வைஃபை விழுந்தால் பேட்டரி அளவு போய்ச் சேராது, பிளக் அணைந்தே கிடக்கும், டேப்லெட் அப்படியே அணைந்துவிடும்; அணைந்தது தன் சார்ஜைச் சொல்லப்போவதில்லை. எனவே “என்ன ஆனாலும் காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் ஓடு” என்று தனியாக ஒரு கட்டளை சேர்த்துவிடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை: தடித்த ரப்பர் உறையைக் கழற்றுங்கள். சுவரில் மாட்டினால் பின்னால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல், சாமி விளக்குக்கு மேலுள்ள தட்டு, அடுப்படி மூன்றும் வேண்டாம். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள். வேகச் சார்ஜர் இங்கே தேவையில்லை, 10 முதல் 15 வாட் போதும். 5 வாட் பழைய சார்ஜரைப் போட்டால், திரை எரியும்போது ஏறுவதைவிட இறங்குவது அதிகமாகலாம். நீளமான மெல்லிய கேபிளிலும் அப்படி ஆகும். சார்ஜரை எந்த இணையக் கடையில் வாங்கினாலும் ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி ஊதியது தெரிந்தால் உடனே சார்ஜரைக் கழற்றி, டேப்லெட்டை அணைத்துவிடுங்கள். எழும்பிய திரையை அழுத்தி மூட முயலாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய பை, கிழிந்தால் தீப்பிடிக்கும். திரைச்சீலை, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத ஓட்டுத்தரையில் வைத்து, பேட்டரி மாற்றும் கடைக்கு முதலில் போன் செய்து, “ஊதியிருக்கிறது” என்று சொல்லிவிட்டே கொண்டுபோங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் குப்பைக் குழாயில் போடவே கூடாது. கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுப் பெட்டிகள் ஊதாத பழைய டேப்லெட்டுகளுக்குத்தான். ஊதியதை அதற்குள் போடாதீர்கள்.