பட்டாவுக்காக லீவு போடாதீர்கள்: கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன வைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும். பொங்கலை ஒட்டி இருபத்து நான்கு நாள் லீவு எடுத்து ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போனேன். அதில் பதினொரு நாள் ஓர் அரசு அலுவலக வராந்தாவில் போயிற்று. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் எல்லாரையும் போல ஒகேனக்கல் படம் போட்டு ‘சொர்க்கமே’ என்று எழுத ஆரம்பித்துவிடுவேன்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாம் போக வேண்டியது தெற்கே. நடுவில் மொத்த பெங்களூருவும் குறுக்கே கிடக்கிறது. அதனால் விடியற்காலையில் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். கர்நாடக வண்டியில் ஏறினால், தமிழ்நாட்டு பர்மிட் போட்டாயிற்றா என்று ஏறும்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஓசூருக்கு முன்னால் மாநில எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியில் முக்கால் மணி நேரம் லாரிகளுக்கு நடுவே நின்றேன்.

அடுத்தது தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் கொடுக்கிறார்கள். போகிற வீட்டில் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இது காவிரியா, போர் தண்ணியா?” சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பல் உருவாகிற வயதில்தான் கறை ஏறுகிறது.

எங்கள் வகுப்பில் வெள்ளைப் பல் இருந்தது, மாற்றலாகி வந்த வாத்தியாரின் மகன் ஒருவனுக்குத்தான். எனக்கு ஸ்டுட்கார்ட்டில் முன்பல் ஆறுக்கும் உறை போட்டுவிட்டார்கள். கூட்டாளி என்னைப் பார்த்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். (எங்கள் பக்கம் நண்பன் என்று சொல்ல மாட்டோம், கூட்டாளிதான். அவன் பெயர் இங்கே வேண்டாம்.) “பல்ல எங்கடா கழட்டி வச்ச?” என்று கேட்டுச் சிரித்தான். அவன் பல்லில் அந்தப் பழுப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனது வீட்டை விற்க. ஊரில் அப்பா கட்டிய வீடு: இரண்டு அறை, நாட்டு ஓடு, வாசலில் நாலு கல் தூண், ஒரு திண்ணை. அப்பா 2014இல் போய்விட்டார், அம்மா அதற்கும் முன்னே. பக்கத்திலேயே இருக்கிற சித்தப்பா, “எடத்த எனக்கே குடுத்துரு. இடிச்சிட்டு லைன் வீடு கட்டிடறேன். ஓசூர் கம்பெனிப் பசங்க வாடகைக்கு அலையறாங்க” என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதாயிரம் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். வாங்கிக்கொண்டேன். அதுதான் முதல் தப்பு. காகிதம் கையில் இல்லாமல் சொந்தக்காரரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

வீடு இருப்பது நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில். அப்பா வைத்திருந்தது தோராயப் பட்டா, இறுதியான பட்டாவுக்கு முன்பு தற்காலிகமாகக் கொடுப்பது. அதில் அவர் பெயர் ‘ப்பா’ என்று முடிகிறது. இறப்புச் சான்றிதழில் ‘ப்பன்’ என்று முடிகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசுகிற எல்லைப்புறம் இது. கன்னடக்காரர் கூப்பிட்டால் ‘ப்பா’, தமிழ் வாத்தியார் எழுதினால் ‘ப்பன்’. ஊரில் இது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. கவுன்டரில் மட்டும் அவர்கள் இரண்டு ஆள். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று ஒரு சான்று வாங்கிவரச் சொன்னார்கள்.

இது போதாதென்று மாவட்டம். கிருஷ்ணகிரி 09.02.2004 அன்றுதான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. என் பிறப்புச் சான்றிதழ், முதல் பாஸ்போர்ட், அப்பாவின் பட்டா எல்லாவற்றிலும் தர்மபுரி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டம்தான் நகர்ந்துவிட்டது. “சார், இது வேற மாவட்டம் போல இருக்கே” என்றார் ஒரு பையன். அவனும் 2004இல்தான் பிறந்திருப்பான், பாவம். உங்கள் ஊரும் இப்படி இடம் மாறியிருந்தால், பழைய ஆவணத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நகலாக எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, செல்போன். பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடும்போது ஓடிபி கேட்டார்கள். ஆதாரில் இருக்கிற எண்ணுக்குத்தான் அது போகும். என் எண்ணை நான் ரீசார்ஜ் செய்து வருஷக்கணக்காகிவிட்டது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணை நிறுத்திவிட்டு, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் பழைய எண்ணுக்கே போன் போட்டேன். ஓர் அம்மா எடுத்தார், கடலூராம். “நாலு வருசமா பேங்க்லேர்ந்து உங்களுக்கு மெசேஜ் வந்துட்டே இருக்கு தம்பி. நானும் யார்கிட்டதான் சொல்றது?” என்றார். கோபமே இல்லை அவருக்கு. மறுநாள் ஆதார் மையத்தில் வரிசையில் நின்று எண்ணை மாற்றினேன். கிளம்புவதற்கு முன்பே ஊர் சிம்முக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டைவிட அதுதான் முக்கியம்.

அதன்பிறகு வராந்தா. ஒரு கால் உடைந்து கம்பி சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு, மூன்றாம் நாளிலிருந்து அது என் நாற்காலி ஆயிற்று. “சார் மீட்டிங்ல இருக்காரு.” “சார் ஃபீல்டுக்குப் போயிட்டாரு.” பொங்கல் விடுமுறை நாலு நாள். அது முடிந்தால் ஊருக்கு ஊர் எருது விடும் விழா, அங்கே வருவாய்த் துறைக்காரர்கள் போய் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் தை மாதத்தில் அரசுக் காரியம் வைத்துக்கொள்ளாதீர்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது; அதை ஒட்டி மே, ஜூனில் ஜமாபந்தி என்று ஊர்க் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்குவார்கள். அப்போது போனால் கேட்க ஆள் இருப்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கும் போய் மனு கொடுத்தேன். மரியாதையாக வாங்கி, சீல் வைத்து, உரிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் கழித்து அது என் நாற்காலிக்கு எதிர் மேசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், யாரும் என்னிடம் லஞ்சம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது. மடித்து வைத்த நோட்டோடுதான் தினமும் போனேன்.

நேரில் நிற்க முடியாது, அங்கிருந்தே பவர் (நமக்காக வேறொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தருகிற பத்திரம்) எழுதி அனுப்புகிறேன் என்கிறவர்களுக்கு: நீங்கள் இருக்கிற நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குங்கள். காகிதம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் தொல்லை. இன்னொன்று: வெளிநாட்டில் குடியிருக்கிறவர் இங்கே விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. ஓசூர்ப் பக்கம் தோட்டம் வாங்கித் தருகிறேன் என்கிற புரோக்கர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

ஏழாம் நாள், வீட்டு வரி ரசீது கேட்டார்கள். நத்தம் இடத்தில் அனுபவத்தில் இருக்கிறோம் என்று காட்ட அதுவும் ஓர் ஆதாரம். அப்பா போனபிறகு நான் ஒரு வருஷம்கூடக் கட்டியதில்லை. கட்ட வேண்டும் என்பதே நினைவில் இல்லை. கூட அமர்ந்திருந்த கூட்டாளி ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் கையில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பா. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள், பதினொன்று. வருஷம் 130 ரூபாய். பஞ்சாயத்துக்காரர் அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறான். ஒருமுறைகூடப் போனில் சொன்னதில்லை.

நான் பர்ஸைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்து நீட்டினேன். ஐந்தாயிரமோ என்னவோ. அவன் முகம் மாறிவிட்டது. “ஆயிரத்து நானூத்து முப்பது” என்றான். மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, டீக்கடையில் சில்லறை மாற்றி, எழுபது ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தான். ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் தருகிற எச்சரிக்கையிலேயே பெரியது இதுதான்: கூட்டாளியிடம் ரூபாயை அள்ளி நீட்டாதீர்கள். கணக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

அன்றிலிருந்து அவன் வீட்டில்தான் சாப்பாடு. அவனுடையதும் இரண்டு அறைதான். அரை ஏக்கர், இரண்டு மாடு, ஆறு பெங்களூரா மாமரம். தையில் போனால் மாம்பழம் கிடைக்காது, அவரைக்காயும் மொச்சையும் கிடைக்கும். ராகிக் களியை மென்று தின்னாதீர்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் என் தொண்டை அதை மறந்திருந்தது. முதல் உருண்டைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாசத்தால் இல்லை.

ராத்திரி பைக்கில் காட்டோரச் சாலையில் போகாதீர்கள். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கமெல்லாம் ராகி முற்றுகிற பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கிவிடும். தை வரை இங்கேதான் சுற்றும். கூட்டாளியின் மச்சான் நிலத்துக்கு ஒருநாள் ராத்திரி காவலுக்குப் போனோம். பரண் மேல் மூன்று பேர், ஒரு டார்ச், ஒரு தகர டப்பா. யானை வரவில்லை. பனி இறங்கி, போர்த்திய கம்பளி நனைந்துபோயிற்று. விடிகிற நேரத்தில் அறுத்துப் போட்ட ராகித் தாளிலிருந்து ஒரு வாசம் எழும்பியது. சின்ன வயதில் அப்பாவோடு களத்தில் படுத்திருந்தபோது வந்த அதே வாசம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். “ராகி வாசம்” என்றான்.

அப்போதுதான் நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்: “நீ நிம்மதியா இருக்கடா.” நீங்களும் சொல்வீர்கள், வெளிநாட்டிலிருந்து போகிற எல்லாரும் சொல்கிறோம். “நிம்மதியா? மாங்கா போன சீசன்ல பறிக்கற கூலிக்கே கட்டல. மரத்துலயே உட்டுட்டேன்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப உக்காந்துகினு இருக்கறோம். அது நல்லா இருக்குது. அவ்ளோதான்” என்றான்.

ஒகேனக்கல்லுக்கு ஒருநாள் போனோம். பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் எல்லாம் எப்போதும்போல. வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பட்டா வரவில்லை. விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு சித்தப்பாவிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டா இல்லை என்பதுதான் காரணம் என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் இப்போது பேசுவதில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று வருஷம் அந்த மனுஷனைக் காக்க வைத்தேன். அத்தை மட்டும் இன்னும் போனில் கேட்கிறார்: “ஜெர்மனில இருக்கறவன் வூடு ஓட்டு வூடாடா? ஒரு மாடியாவது எழுப்புடா.”

கிளம்பும்போது கூட்டாளி வீட்டம்மா ஒரு பாட்டில் நெய் கொடுத்தார், அவர்கள் மாட்டுப் பாலில் காய்ச்சியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய் போன்ற பால் பொருளைப் பயணப் பெட்டியில் கொண்டுபோக முடியாது. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. தேவனஹள்ளியில் இறங்கும்போது டாக்சிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் கூட்டாளி வீட்டம்மா போனில் கேட்டார்: “நெய் எப்படிண்ணா இருந்துச்சு?” “மணமா இருந்துச்சும்மா” என்றேன்.

விண்ணப்பம் இன்னும் ‘பரிசீலனையில்’ என்றே காட்டுகிறது. நேற்றுக் காலை கூட்டாளியிடமிருந்து ஒரு மெசேஜ். குரங்கு ஏறிக் கூரையில் ஓடு உடைந்துவிட்டதாம். ஓடு 20க்கு 400, கூலி 800, டீ 40, மொத்தம் 1,240, அவசரம் இல்லை.

டீ எதற்கு நாற்பது என்று கேட்டேன். “ஆளுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. திண்ணைல உக்காந்து குடிச்சோம்” என்று பதில் வந்தது. 1,240 அனுப்பிவிட்டேன்.