வெயிலடித்தால் ஓடை பெருகும்: மணாலி–லே சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூன் மாதம் இந்தச் சாலையில் ஜிங்ஜிங்பார் என்ற இடத்துக்குச் சற்று மேலே ஓர் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். மாலை நாலு மணி. தண்ணீருக்கு நடுவில் டி.என். 66 நம்பர் போட்ட ஒரு வெள்ளைக் கார். உள்ளே இருந்த தம்பி சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். நான் இந்தக் கரையிலிருந்து “ஸ்டார்ட் பண்ணாதே, ஸ்டார்ட் பண்ணாதே” என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அந்த இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கும்?

2013-இல் இதே சாலையில், இதே நேரத்தில், இதையே செய்தவன் நான். அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

அதற்குப் பிறகு லடாக்குக்குப் பலமுறை கார் ஓட்டிக்கொண்டு போய்வந்தாயிற்று. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டெப்னியில் காற்று பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

மதியத்துக்கு மேல் ஓடையைக் கடப்பது

இந்தச் சாலையில் பனி உருகி வரும் ஓடைகள் குறுக்கே ஓடும். நாலா என்பார்கள். சிலவற்றுக்குப் ‘பாகல் நாலா’ என்றே பெயர், பைத்தியக்கார ஓடை. எல்லைச் சாலைகள் அமைப்பு பல இடங்களில் பாலம் போட்டுவிட்டது. ஆனாலும் தண்ணீரில் இறங்கியே போக வேண்டிய இடம் ஒன்றிரண்டாவது ஒவ்வொரு பருவத்திலும் வாய்த்துவிடுகிறது.

நம்மூர்க்காரர்கள் ஏமாறுவது எங்கே என்றால், நமக்குத் தெரிந்த காட்டாறு மழைக்குப் பெருகுவது. மேற்கே கறுத்தால் ஆற்றில் இறங்காதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். வானம் பளிச்சென்று இருந்தால் தைரியம் வந்துவிடும். அங்கே கதை நேர்மாறு. இரவில் மேலே எல்லாம் உறைந்துவிடுவதால் விடிகாலையில் ஓடை கணுக்கால் அளவுக்குச் சலசலக்கும். வெயில் ஏறினால் பனி உருகும். உருகிய நீர் மலைச்சரிவில் இறங்கிச் சாலைக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே உச்சிவெயிலில்கூட இல்லை, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைதான் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். வெயில் நன்றாக அடித்த நாள் என்றால் இன்னும் மோசம்.

அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு இந்தத் தவறு கூடிவிட்டது என்பது என் அனுமானம். 2020 அக்டோபரில் திறந்தார்கள், ஒன்பது கிலோமீட்டர் நீளம். முன்பு மணாலிக்கு மேலே ரோத்தங் கணவாயை ஏறி இறங்குவதற்கே பாதி நாள் போய்விடும், அலுத்துப்போய் அந்தப் பக்கம் உள்ள கேலாங் ஊரில் படுத்துவிடுவோம். இப்போது மணாலியில் ஆலு பராட்டா சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, கேலாங்கில் மதியச் சாப்பாட்டை முடித்து, சரியாக நாலு மணிக்கு ஓடைக்கு வந்து நிற்கிறார்கள். ஓடை காத்திருந்த மாதிரி.

2013-இல் எனக்குச் சுரங்கம் இல்லை, சோம்பல் இருந்தது. கேலாங்கில் பத்து மணி வரை தூங்கினேன். ஓடைக்கு வந்தபோது முன்னால் ஒரு லாரி இறங்கி ஏறிப் போனது. லாரி போன தடம்தானே என்று பின்னாலேயே இறங்கினேன். லாரியின் அச்சு உயரம் என்ன, என் சின்னப் பெட்ரோல் காரின் உயரம் என்ன என்று யோசிக்கவில்லை. நடுவில் ஒரு பாறாங்கல் தட்டியது. பயத்தில் கிளட்சை மிதித்தேன், வேகம் விழுந்தது, பானெட் மேல் அலை ஏறியது, இன்ஜின் நின்றது.

அதுவரை நடந்தது துளி நஷ்டம்தான். அதற்கப்புறம் மூன்று முறை சாவியைத் திருப்பினேன் பாருங்கள், அங்கேதான் காசு போனது. பல சின்னக் கார்களில் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாய் முன்கிரில்லுக்குப் பின்னாலேயே தாழ்வாக இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராட் வளையும். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே இடம் இன்னும் குறைவு, இன்னும் கொஞ்சம் தண்ணீரே போதும். மூன்றாவது திருப்பலில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இன்றும் காதில் இருக்கிறது.

ஒரு சர்தார்ஜி லாரி டிரைவர் கயிறு போட்டு இழுத்தார். மறுநாள் வேறொரு லாரியில் காரை ஏற்றி ரோத்தங் வழியாக மணாலிக்குக் கொண்டுவந்தேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்தார், இரண்டு ராட் வளைந்திருந்தது. எல்லாம் சேர்த்து 1,30,000 ரூபாய். இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். தண்ணீர் புகுந்தது விபத்து சார், ஆனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தது நீங்கள் என்றார் சர்வேயர். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை. சாதாரண பாலிசியில் இந்தச் சேதம் பொதுவாக வராது. ‘இன்ஜின் புரொடக்ட்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் பாலிசியை எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எப்படிக் கடப்பது? கேலாங்கைத் தாண்டி வரும் ஜிஸ்பா கிராமத்தில் தங்கி விடிகாலை ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ரொம்பவும் முந்திப் போனாலும் வம்பு, இரவில் சாலையில் வழிந்த நீர் கண்ணாடியாக உறைந்து கிடக்கும். ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். ஓடைக்கு முன் இறங்கி நின்று இரண்டு வண்டிகள் போவதைப் பாருங்கள். தண்ணீர் சலசலத்துக் குதிக்கும் இடத்தில் கல் இருக்கும், ஆழம் இருக்காது. வழவழவென்று அமைதியாகப் போகும் இடத்தைத்தான் நம்பக்கூடாது. முன்னால் போகிற வண்டி முழுதாகக் கரையேறும்வரை இறங்காதீர்கள். முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், கிளட்சில் கால் போகவே கூடாது. மேலே ஏறியதும் பிரேக்கை நாலு முறை மெல்ல மிதித்துக் காயவையுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால் சாவியை உருவிப் பையில் போடுங்கள். இழுக்கத்தான் வேண்டும்.

தாமதமாகிவிட்டதா? இந்தக் கரையிலேயே படுங்கள். அன்றைக்கு நானும் அதற்காகத்தான் நின்றிருந்தேன். லேயிலிருந்து திரும்பும்போது ஒரு லாரி பழுதாகி வழியை அடைத்ததில் நேரமாகிவிட்டது. காரிலேயே படுத்துவிட்டுக் காலை ஏழரைக்குக் கடந்தேன், தண்ணீர் டயரில் பாதிகூட இல்லை. அந்தத் தம்பியை டீக்கடைக் கூடாரத்தில் பார்த்தேன். “மழையே பெய்யலைங்களேண்ணா, எப்படிங்ண்ணா இவ்வளவு தண்ணி வரும்?” என்றார். கோயம்புத்தூர்க்காரர். எனக்கும் 2013-இல் அதே சந்தேகம் வந்தது என்று சொல்லி ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன்.

முதல் இரவே சர்ச்சுவில் படுப்பது

இதுவும் சுரங்கம் கொடுத்த வேகத்தால் வருகிற வினை. மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், லேவுக்குப் போகும் வழியில் வரும் சர்ச்சு 4,200-க்கு மேல். போய்ச்சேர வேண்டிய லேயே 3,500 மீட்டர்தான். சேரும் ஊரைவிட உயரத்தில் முதல் இரவு தூங்கினால் தலை பிளக்கும், வாந்தி வரும், சிலருக்கு மூச்சே சிரமமாகும். ஜிஸ்பாவில் (சுமார் 3,200) ஓரிரு இரவு தங்கி, சர்ச்சுவை நிற்காமல் தாண்டி அன்றே லே போய்விடுங்கள். நீண்ட நாள்தான், ஆனால் உடம்பு தாங்கும். தலைவலி கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குவதுதான் மருந்து. இன்னும் ஒரு கணவாய்தானே என்று மேலே ஏற்றாதீர்கள்.

தாந்தியில் டேங்க் நிரப்பாமல் போவது

கேலாங்குக்குச் சற்று முன்னால் வரும் ஊர். தாந்தி என்று எழுதுவார்கள், நம் வாய்க்குத் தாண்டி என்றே வரும். நிரப்பாமல் தாண்டாதீர்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே போர்டே வைத்திருந்தார்கள்.

வெளியூர் வாடகைக் கார்

டெல்லி, சண்டிகரில் எடுத்த செல்ஃப் டிரைவ் காரில் லே வரை போகலாம். அதே காரில் நுப்ராவுக்கோ பாங்காங் ஏரிக்கோ கிளம்பினால் உள்ளூர் டாக்சிக்காரர்கள் வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவார்கள். அவர்களுக்கு வருமானமே இந்தச் சில மாதங்கள்தான், வாதாடிப் பயனில்லை. லேயில் காரை நிறுத்திவிட்டு உள்ளூர் டாக்சி எடுங்கள். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ப்ரீபெய்ட் சிம்

வெளி மாநில ப்ரீபெய்ட் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்ட்.

கூகுள் மேப் காட்டும் நேரம்

இரண்டால் பெருக்குங்கள்.